நாற்றம் நின்றுவிட்டால் தொட்டிக்குள் இறங்கலாமா?

இறங்கக் கூடாது. தோல் பதனிடும் ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் நேற்றுவரை வீசிய அழுகிய முட்டை நாற்றம் இன்று திடீரென்று இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. அந்த நாற்றத்தைத் தரும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு, காற்றில் ஏறத்தாழ 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும்.

சோடியம் சல்பைடு கலந்த சுண்ணாம்பு நீரும், பிக்கிள் செய்த, அதாவது தோலை உப்பும் அமிலமும் கலந்து ஊறவைத்த அமில நீரும் ஒரே தொட்டியில் சேர்ந்திருக்கலாம். அந்தக் கலப்பில் இவ்வாயு வேகமாக வெளிப்படும்.

சரிபார்க்கப்பட்ட வாயு அளவீட்டுக் கருவியை வெளியில் நின்றபடியே கயிற்றில் இறக்கி, மேல், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களிலும் பாருங்கள். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் தேங்கும்.

ஆனால் அளவு குறைவாகத் தெரிந்தாலும், சேற்றைக் கிளறியதும் வாயு மீண்டும் கிளம்பும். துணி முகமூடி உதவாது. உள்ளே ஒருவர் மயங்கினால், காற்று உருளையுள்ள சுவாசக் கருவியின்றி எவரையும் பின்னால் இறங்கவிடாதீர்கள்.