நேர்மையாக உழைத்தும் கையில் மிஞ்சவில்லையே, இதில் ஆசீர்வாதம் எங்கே?

உங்கள் கேள்வியில் ஆசீர்வாதம் என்பது மிஞ்சுகிற பணம் என்றாகிவிட்டது. சங்கீதம் 128 வேறு மாதிரிச் சொல்கிறது: "உன் கைகளின் பிரயாசத்தை நீ சாப்பிடுவாய், உனக்குப் பாக்கியமும் நன்மையும் உண்டாயிருக்கும்." உழைத்ததை உண்ணக் கிடைப்பதையே அது பாக்கியம் என்கிறது.

நம் திருநெல்வேலிச் சீமையில் சபைகள் பலவும் பனையேறிகளின் சபைகள். மிஷனரி கால்டுவெல் 1841ல் இடையன்குடிக்கு வந்தபோதும் அந்தச் செம்மணல் தேரிக்காட்டு மக்களுக்குப் பனைதான் பிழைப்பு. காலையும் மாலையும் மரம் ஏறி, பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதனீர் இறக்குவார்கள். வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நின்று அதைக் கருப்பட்டியாகக் காய்ச்சுவார்கள். இதில் சீனியைக் கலந்தால் எடை கூடும், லாபமும் கூடும். வாங்குகிறவருக்குச் சட்டென்று தெரியாது. அங்கே கலப்படம் செய்யாமல் காய்ச்சுவதும் ஆராதனைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். "எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே" என்று கொலோசெயர் நிருபத்தில் பவுல் எழுதியது அன்றைய அடிமைகளுக்கு. அவரே கூடாரம் செய்து பிழைத்தவர்.

மனநிறைவு ஒரே நாளில் வராது. சிறையிலிருந்து எழுதும்போது பவுல், மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். சோறு பொங்கும்போது கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்துவைக்கிறார்களே நம் அம்மாமார், அதுகூட அந்தப் படிப்புதான். குறைவிலும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று கை பழகிக்கொள்கிறது.

ஒன்று மட்டும். பீடி சுற்றுகிறவரோ கடையில் நிற்கிறவரோ நியாயமான கூலி கேட்பதை மனநிறைவில்லாமை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவிக்கு எட்டுகிறது என்கிறது யாக்கோபு 5:4.