படம் வெட்டியவரிடம் கேளுங்கள்

கேள்வி: 'ஒரு படம் ஆயிரம் சொற்களுக்குச் சமம்' என்று சொல்லிவிட்டு என் மகன் புத்தகத்தை மூடிப் போனை எடுத்துக்கொள்கிறான். பத்திரிகையில் படப்பிரிவில் இருந்தவர் நீங்கள். அது உண்மைதானா ஐயா?
– ஆசிரியை ஒருவர்

பதில்: இருபத்திரண்டு வருடம் படம் வெட்டியே சம்பளம் வாங்கியவன் நான். வெட்டு என்றால் கத்தரிக்கோல் இல்லை. பிரிண்டின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, 'இதிலிருந்து இதுவரை' என்று எழுதி அச்சுக்கு அனுப்புவோம். படம் ஆயிரம் சொல் பேசுமோ என்னவோ, அடியில் ஒரு வரி போடாவிட்டால் பாதிப் படங்கள் வாயே திறக்காது. அந்த ஒரு வரியை எழுதியதும் நாங்கள்தான். அதனால்தான் பயம்.

ஒரு பொதுக்கூட்டப் படம் வந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் நெற்றியில் கை வைத்து மேடையையே பார்க்கிறார். நல்ல முகம். 'தலைவருக்கு சல்யூட் அடிக்கும் முதிய தொண்டர்' என்று எழுதிப் போட்டேன். பத்து நாளில் ஒரு போஸ்ட்கார்டு. 'வெயில் கண்ணில் அடித்தது, கையை வைத்து மறைத்தேன். நான் அந்தக் கட்சியே இல்லை. வேடிக்கை பார்க்கப் போனேன். வீட்டில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.'

பழைய பிரிண்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் அதேபோல நெற்றியில் கை வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் வெயில் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். பக்கத்து ஆளை என் பென்சில் கோடு வெளியே தள்ளியிருந்தது! மறுப்பு போட்டோம், கடைசிப் பக்கத்தில் நாலு வரி. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். போனைக் கீழே வைப்பானா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: சே குவேரா படம் போட்ட டீ-சர்ட் அணிபவர்களில் பலருக்கு அவர் யாரென்றே தெரியவில்லையே?
– ஓய்வுபெற்ற தொழிற்சங்கத்துக்காரர்

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் முகத்தை மட்டும் தனியே எடுத்துவிட்டால் அப்படித்தான் ஆகும். கியூபப் புகைப்படக்காரர் ஆல்பர்ட்டோ கோர்டா அதை எடுத்தது 1960 மார்ச் 5, ஹவானாவில். வெடித்துச் சிதறிய ஒரு கப்பலில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டம் அது. மூலப்படத்தில் ஓர் ஓரம் இன்னொருவரின் முகம், மறு ஓரம் பனை ஓலைகள். இரண்டையும் வெட்டியதும் இடம் போயிற்று, நாள் போயிற்று, துக்கமும் போயிற்று. 1968-இல் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற ஐரிஷ் ஓவியர் அதைச் சிவப்பும் கறுப்புமாகச் சுருக்கினார். அப்புறம் அது எந்தச் சட்டையிலும் ஒட்டும் சித்திரமாகிவிட்டது. படம் பரவப் பரவச் சும்மா இருந்த கோர்டா, 2000-இல் ஒரு வோட்கா விளம்பரத்தில் அதைப் பார்த்ததும் வழக்குப் போட்டார். கிடைத்த பணத்தை கியூபாவில் மருத்துவத்துக்கே கொடுத்துவிட்டார்.

கேள்வி: ஏஐ படத்தைக் கண்டுபிடிக்க விரல்களை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்களே, சரியா?
– கல்லூரி மாணவர்

பதில்: எண்ணிப் பழகுவதற்குள் அந்த மென்பொருள் ஐந்து விரல் போடக் கற்றுக்கொண்டுவிட்டது. அது இருக்கட்டும். டொரோத்தியா லாங்கே 1936-இல் கலிஃபோர்னியாவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தைப் பார்த்திருப்பீர்கள், பிள்ளைகளோடு கூடாரத்தில் இருக்கும் ஓர் ஏழைத் தாய். அதன் வலது கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. கூடாரக் கம்பைப் பிடித்த விரல். கண்ணை உறுத்துகிறது என்று பின்னாளில் நெகட்டிவிலேயே அதை மங்கவைத்தார்கள். விரல் குறைகிறது, ஆனாலும் அந்தத் தாயின் பசி பொய்யில்லை. நம்மைத் தினமும் ஏமாற்றுவது பெரும்பாலும் அசல் படங்கள்தான் தம்பி: வேறு ஊரில், வேறு வருடத்தில் எடுத்தது, 'இன்று காலை' என்று வந்து நிற்கும். கூகுளில் அந்தப் படத்தையே போட்டுத் தேடுங்கள். அது முதலில் எந்தத் தேதியில், எந்தக் குறிப்போடு வந்தது என்று பாருங்கள். கோபம் வந்தவுடன் பகிரத் தோன்றுகிற படத்தை முதலில் தேடுங்கள்.

கேள்வி: உங்கள் வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறீர்கள்?
– இல்லத்தரசி

பதில்: நிலவிலிருந்து பூமி தெரியும் படம். 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 விண்கலத்தில் நிலவைச் சுற்றப் போன வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்தது. நாம் வழக்கமாகப் பார்ப்பதில் நிலவின் தரை கீழே, பூமி மேலே உதிப்பதுபோல இருக்கும். அது திருப்பி வைத்தது. அவர் பார்த்தபடி வைத்தால் நிலவு வலது பக்கம் சுவர்போல நிற்கும், பூமி இடது பக்கம் மிதக்கும். நான் அப்படித்தான் மாட்டியிருக்கிறேன். போன மாதம் வந்த உறவினர் ஒருவர், நான் உள்ளே போன நேரம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி அதை 'நேராக்கி' வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.