மகள் ‘சிக்னல் இன்டெக்ரிட்டி’ என்கிறாள், பணம் கட்டலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்றாம் ஆண்டு இசிஇ படிக்கும் மகள் ‘சிக்னல் இன்டெக்ரிட்டி’ பக்கம் போக ஆசைப்படுகிறாள், பயிற்சி நிலையத்தில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஏன் என்பது, அது என்ன வேலை என்று தெரிந்தால் புரியும். கம்பியில் போகும் சிக்னல் கெடாமல், நேரத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் அது.

வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்குமே, சிப்புக்குள்ளும் அதே கதைதான். இன்றைய சிப்புகள் பல முக்கால் வோல்ட் அளவில் ஓடுகின்றன. ஏராளமான டிரான்சிஸ்டர்கள் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுத்து 75 மில்லிவோல்ட் இறங்கினாலே பத்து சதவீதம் போச்சு. இதற்குப் பெயர் ஐஆர் டிராப்.

இதைவிடப் பொல்லாதது கிராஸ்டாக், அதாவது ஒரு கம்பியின் சிக்னல் பக்கத்துக் கம்பியைக் கலைப்பது. சிப் சிறுக்கச் சிறுக்கக் கம்பிகளின் அகலம் குறைந்தது. உயரத்தையும் அதே அளவு குறைத்தால் மின்தடை எகிறும் என்பதால், கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் மதில்சுவர் மாதிரி நிற்கின்றன. இரண்டு சுவருக்கு நடுவே யாரும் வைக்காமலே ஒரு கெப்பாசிட்டர் முளைத்துவிடுகிறது. ஒரு கம்பி 0-விலிருந்து 1-க்கு ஏறும்போது பக்கத்துக் கம்பி 1-லிருந்து 0-க்கு இறங்கினால், அந்தக் கெப்பாசிட்டர் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனக்கும்; சிக்னல் தாமதமாகும். சிப்புக்குத் தாளம் போடும் சிக்னல்தான் கிளாக். ஒரு கிகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பதே 1,000 பிகோசெகண்ட். ஏற்கெனவே இழுபறியாக இருக்கும் பாதையில் அதில் 40 போனால் டைமிங் உதைக்கும்.

தொந்தரவு கொடுக்கும் கம்பி அக்ரஸர், படுவது விக்டிம். விக்டிம் சும்மா கிடந்தாலும் அதில் ஒரு குட்டி மேடு எழும். டேட்டா கம்பியானால் கிளாக் வருவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தொடக்க நிலைக்குத் திருப்பும் ரீசெட் கம்பியில் அந்த மேடு பெரிதாக வந்தால், ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப்பில் இருந்தது அழிந்துபோகும். இடைவெளியைக் கூட்டலாம், நடுவே கிரவுண்ட் கம்பி விடலாம், சிக்னலுக்குத் தெம்பூட்டும் பஃபர் போடலாம். ஒவ்வொன்றும் இடத்தையோ மின்சாரத்தையோ தின்னும். எதை எங்கே செய்வது என்ற அந்தத் தீர்மானத்துக்குத்தான் சம்பளம்.

என்னிடம் வந்த ஒரு பையன் இப்படித்தான் ஒரு நிலையத்தில் பணம் கட்டி ஆறு மாதம் படித்தான். டூலில் எந்த பட்டனை எப்போது அழுத்துவது என்பது அத்துப்படி. நேர்காணலில் ஒரே கேள்வி: “இரண்டு கம்பியும் சேர்ந்து ஏறினால் தாமதம் ஏன் குறைகிறது?” முழித்தான். இரு பக்கமும் ஒன்றாக ஏறும்போது நடுவிலுள்ள கெப்பாசிட்டரை நிரப்ப வேண்டியதே இல்லை, அவ்வளவுதான். சிக்னல் சீக்கிரம் வந்து ஹோல்டு சிக்கலைக் கிளப்பும்; அதாவது பழைய மதிப்பைப் பிடித்து முடிப்பதற்குள் புதியது வந்துவிடும். இது இரண்டாம் ஆண்டுப் பாடத்திலிருந்து யோசித்தே சொல்லக்கூடிய பதில்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ‘சிக்னல் இன்டெக்ரிட்டி இன்ஜினியர்’ என்று வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் சிப்புக்கு வெளியே, போர்டிலும் சிப்பை மூடும் பேக்கேஜிலும் நடக்கும் வேலைக்கானவை. டிடிஆர் மெமரி, கணினியின் பாகங்களை இணைக்கும் பிசிஐஇ, சிக்னல் கம்பியின் முனையில் மோதித் திரும்புவது என்று அது தனி உலகம்; மின்காந்தவியலைக் கண்டு பயப்படக் கூடாது. சிப்புக்குள்ளே செய்வதானால் பிசிகல் டிசைன் (பாகங்களையும் கம்பிகளையும் சிப்பில் அடுக்குவது), எஸ்டிஏ (சிக்னல்கள் நேரத்துக்கு வருகின்றனவா என்று சரிபார்ப்பது) என்ற பெயர்களில் தேட வேண்டும். மகள் இதில் எதைச் சொல்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள்.

சிப் ஃபேக்டரி குஜராத்தில்தானே வருகிறது என்ற உங்கள் கவலை தேவையில்லாதது. டிசைன் வேலை ஃபேக்டரிக்காகக் காத்திருக்கவில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே பெங்களூருக்கு வந்துவிட்டது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? மின்சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் என்ஜிஸ்பைஸ் இலவசம். இரண்டு கம்பிகளை ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வரிசையாக வரைந்து, நடுவே சின்னக் கெப்பாசிட்டர்களைக் கோத்து, ஒன்றை மட்டும் ஏற்றிப் பார்க்கட்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். பிடித்துப்போனால், கூகுளும் சிப் தயாரிக்கும் ஸ்கைவாட்டரும் 2020-ல் திறந்துவிட்ட 130 நானோமீட்டர் பிடிகேயை (சிப் தயாரிப்பு விதிகள் அடங்கிய தொகுப்பு) ஓப்பன்ரோடு என்ற இலவச டூலில் போட்டு ஒரு சின்ன லேஅவுட் செய்யலாம். கம்பிகளுக்கு இடையிலான கெப்பாசிட்டன்ஸை அது கணக்கிட்டுத் தரும். கம்பெனிகள் விலை கொடுத்து வாங்கும் டூல்கள் கல்லூரி லேபில் இருக்கின்றனவா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தும் யாரும் தொடாமல் கிடப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கேட் தேர்வு எழுதி எம்.இ., எம்.டெக் போகும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

அந்த மேடு திரையில் வந்ததும் உங்களை உட்கார வைத்து, அது ஏன் வந்தது என்று மகள் விளக்கட்டும். உங்களுக்குப் புரிந்தால் எனக்கு எழுதுங்கள். பயிற்சிக் கட்டணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.