கிழங்குக்கு ‘ஆர்.என்.ஏ மருந்து’ அடிக்கலாமா?

கேள்வி: நீலகிரியில் கேத்திப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் வருடாவருடம் குஃப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கு போடுகிறேன். விளைச்சல் இறங்கிக்கொண்டே வருகிறது. செடி திட்டுத்திட்டாக மஞ்சளாகிறது. ஆர்.என்.ஏ.வில் இருக்கும் மீத்தைலை எடுத்துவிட்டால் கிழங்கு ஒன்றரை மடங்கு விளையும் என்று மகன் செல்போனில் படித்துக் காட்டினான். அதற்கான மருந்து என்று ஒருவர் பாட்டிலோடு வருகிறார். கார்போகத்துக்கு வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்காதீர்கள். மகன் படித்தது நிஜம், பாட்டில் பொய்.

செல் தன் மரபணுவை நகலெடுத்து, அந்த நகலை வைத்துத்தான் புரதம் செய்கிறது. நகலுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. அதில் அடினின் என்ற எழுத்தின்மேல் ஆங்காங்கே மீத்தைல் என்ற சின்ன வேதிக் குறி ஏறும். எந்த நகல் நீடிக்கும், எது சீக்கிரம் சிதையும் என்பதில் அந்தக் குறிக்குப் பங்குண்டு. பூக்கும் காலம், தக்காளி பழுப்பது வரை அதன் கை நீள்கிறது. மீத்தைலைப் பகையாக நினைக்க வேண்டாம்: அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வுச் செடியில் குறியிடும் நொதியை முடக்கியபோது கரு விதைக்குள்ளேயே மடிந்தது.

2021இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் குறியை அழிக்கும் எஃப்.டி.ஓ என்ற மனித மரபணுவை நெல்லிலும் உருளையிலும் புகுத்தினார்கள். மனிதரில் உடல் பருமனோடு சேர்த்துப் பேசப்படும் மரபணு அது, கிழங்கையும் விடவில்லை! வேர் பெருகியது, ஒளிச்சேர்க்கை கூடியது, வயலிலேயே மகசூல் சுமார் 50 சதவீதம் ஏறியது. ஆனால் குறியை அழிக்கும் நொதியை அந்த மரபணுவை வைத்துச் செடி தன் செல்லுக்குள் தானே செய்துகொண்டது. இலைமேல் தெளித்து வரவழைக்கிற சங்கதி அல்ல. மரபணு மாற்றிய உருளையைப் பயிரிட நம் நாட்டில் அனுமதியும் இல்லை.

உங்கள் மஞ்சள் திட்டுதான் எனக்குக் கவலை. நீலகிரியில் 1961இலேயே கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூடு நூற்புழுவாக இருக்கலாம். நட்டு இரண்டு மாதம் ஆனதும் மஞ்சள் செடியை மண்ணோடு மெதுவாகப் பெயர்த்து வேரைப் பாருங்கள். ஊசித்தலை அளவில் வெள்ளை, பொன்னிற மணிகள் ஒட்டியிருந்தால் அதேதான். அந்தக் கூடு மண்ணில் இருபது வருடம்கூட உயிரோடு கிடக்கும். ஜோதி அதைத் தாங்காது. மூன்று நான்கு வருடம் அந்த நிலத்தில் கேரட், முட்டைகோஸ், பூண்டு என்று மாற்றுங்கள். தக்காளியும் கத்தரியும் வேண்டாம், அவற்றிலும் இந்தப் புழு பெருகும். திரும்பக் கிழங்கு போடும்போது எதிர்ப்புள்ள குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகத்துக்கு ஊட்டி முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். அதுவரை அந்தத் தோட்டத்து மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த வயலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.