மவுசைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: போல்டர் தேடுவோருக்குப் பதில்கள்

ஹட்டனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், போட்டோகொப்பி, ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம் என்று எல்லாம் ஓடும். பென் டிரைவை நீட்டி "இதுக்குள்ள ஒரு பைல் இருக்கு அண்ணே, பேர்தான் ஞாபகமில்ல" என்று வந்து நிற்காத நாளே கிடையாது. அதனால்தான் போல்டர், பைல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேட்டு விட்டீர்கள், அதுவும் நிறைய. முக்கால்வாசிப் பேரிடம் விண்டோஸ் 10 அல்லது 11 இருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

தலவாக்கலை, உயர்தர மாணவர்: அண்ணே, என் நோட்ஸ் டி டிரைவுக்குள் ஏழெட்டு போல்டர் தாண்டி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கிளிக் பண்ணிப் பண்ணிப் போக வேண்டியிருக்கிறது. குறுக்கு வழி உண்டா?

உண்டு தம்பி. விண்டோஸ் கீயோடு ஆங்கில ஈ எழுத்தை அழுத்தினால் பைல் எக்ஸ்புளோரர் திறக்கும். அதற்கப்புறம் மவுசைத் தொடாதே. போக வேண்டிய போல்டரின் பேரில் முதல் மூன்று நாலு எழுத்தை வேகமாக அடி, அது தானாகப் போய் அந்த போல்டரில் நிற்கும், என்டர் தட்டு, உள்ளே போய்விடுவாய். நடுவில் யோசித்துக்கொண்டு நின்றால் அடுத்து அடிக்கும் எழுத்தை வேறொரு பேரின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும், அதனால் விடாமல் அடிக்க வேண்டும். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் ஒவ்வொன்றாகத் தாவும்.

ஒரு படி மேலே ஏற ஆல்ட்டும் மேல் அம்புக்குறியும். வந்த வழியே திரும்ப ஆல்ட்டும் இடது அம்புக்குறியும். இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுவது ஒன்று, வந்த பாதையில் திரும்பிப் போவது இன்னொன்று. நீ தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி வந்திருந்தால் திரும்பிப் போகும்போது ரோட்டுக்கா போய்ச் சேருவாய்?

அட்ரஸ் எழுதியிருக்கும் மேல் பட்டைக்குப் போக ஆல்ட்டும் டி (D) எழுத்தும். அங்கே டிரைவ் பேரையும் போல்டர் பேரையும் அடிக்கத் தொடங்கினாலே கீழே பட்டியல் விழும், கீழ் அம்புக்குறியால் எடுத்துக்கொள். தினமும் போகிற போல்டரை ரைட் கிளிக் பண்ணி, இடப் பக்கம் நிற்கும் குயிக் அக்சஸ் பட்டியலில் பின் பண்ணி வைத்தால் இவ்வளவு சுற்றுக்கூட வேண்டாம். ஆனால் இருபது போல்டரைப் பின் பண்ணிவிட்டு அதற்குள் தேடக் கூடாது. ஐந்து, ஆறு போதும்.

அதைவிட முக்கியம், ஏழெட்டு அடுக்கு எதற்கு? பாடம், பிரிவு, அவ்வளவுதான். மூன்றாவது அடுக்குக்கு மேல் போனால் நீ அடுக்கி வைக்கவில்லை, ஒளித்து வைக்கிறாய்.

டிக்கோயா, தோட்ட ஒபிஸ் கிளார்க்: செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவேடு) போல்டர் மாதத்துக்கு ஒன்று. மே மாதம் பார்த்துவிட்டு ஜூனுக்குப் போக வெளியே வந்து திரும்ப உள்ளே போக வேண்டியிருக்கிறது. பழைய மெஷினில் பேக்ஸ்பேஸ் தட்டினால் ஒரு படி மேலே போகும், இப்போது எங்கேயோ போகிறது.

பழக்கம் சரிதான் சேர், மாறியது விண்டோஸ். எக்ஸ்பியில் பேக்ஸ்பேஸ் மேலே ஏற்றியது, விஸ்டா வந்த பிறகு அது முன்பு பார்த்த இடத்துக்குத் திருப்புகிறது. மேலே ஏற இப்போது ஆல்ட்டும் மேல் அம்பும்.

மேயிலிருந்து ஜூனுக்குப் போக வெளியே வரவே தேவையில்லை. மேல் பட்டையில் போல்டர் பேர்களுக்கு நடுவே சின்ன அம்புக்குறி இருக்கும் பாருங்கள், செக்ரோல் என்ற பேருக்குப் பக்கத்தில் உள்ளதை ஒரு தடவை தொட்டால் அதற்குள் இருக்கும் எல்லா மாதமும் வரிசையாக விழும். அதை எத்தனையோ வருடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எதற்கென்று தெரியாமல் விட்டவர்களில் நானும் ஒருவன். விண்டோஸ் 11 என்றால் டேபும் இருக்கிறது, 2022இல் வந்தது. கொன்ட்ரோலும் டி (T) எழுத்தும் தட்டினால் புது டேப், மே ஒன்றில், ஜூன் ஒன்றில், கொன்ட்ரோலும் டேப் கீயும் தட்டினால் மாறி மாறிப் பார்க்கலாம்.

நுவரெலியா, ஸ்டூடியோ வைத்திருப்பவர்: மாதப் பேரை ஆங்கிலத்தில் வைத்தேன், ஏப்ரலும் ஆகஸ்டும் முதலில் நிற்கிறது, ஜனவரி நடுவில் கிடக்கிறது.

அகர வரிசை அண்ணே, கொம்பியூட்டருக்கு மாதம் தெரியாது. வருடம், மாதம், நாள் என்று இலக்கத்தில் தொடங்குங்கள்: 2024-05-18 தேர்த் திருவிழா. மாதத்துக்கு எப்போதும் இரண்டு இலக்கம். விண்டோஸில் 2க்கு அப்புறம் 10 சரியாகத்தான் வரும், ஆனால் அதே பென் டிரைவைச் சில டிவியிலோ கார் பிளேயரிலோ குத்தினால் 10க்கு அப்புறம்தான் 2 வரும். 02 என்று வைத்தால் எங்கேயும் வம்பில்லை.

போட்டோக்களுக்குப் பேர் வைக்க ஒவ்வொன்றாக ரைட் கிளிக் பண்ணாதீர்கள். எல்லாவற்றையும் தெரிவு செய்து எப் 2 தட்டி ஒரு பேர் கொடுத்தால் பின்னால் இலக்கம் போட்டு எல்லாவற்றுக்கும் வைத்துவிடும். தனித்தனிப் பேர் வேண்டுமென்றால் ஒன்றை மாற்றிவிட்டு என்டருக்குப் பதில் டேப் கீ, அது அடுத்த பைலுக்குக் கூட்டிப் போகும்.

பொகவந்தலாவை: அண்ணே, போன் பெட்டர்ன் லொக் மறந்துட்டேன்.

போன் கடைக்குப் போங்க தம்பி.

மஸ்கெலியா, அறநெறி ஆசிரியை: நேற்று வரை இருந்த போல்டர் இன்று இல்லை. அழிக்கவே இல்லை. வைரஸா?

இல்லை அக்கா, பத்தில் ஒன்பது தடவை அது பக்கத்து போல்டருக்குள் இருக்கும். கிளிக் பண்ணும்போது கை நழுவி இழுபட்டுவிடுகிறது, ஒரே டிரைவுக்குள் இழுத்தால் கொப்பி ஆகாது, இடம் மாறிவிடும். (வேறு டிரைவுக்கு இழுத்தால்தான் கொப்பி.) இழுபட்ட உடனேயே கவனித்தால் கொன்ட்ரோலும் இசட்டும் தட்டுங்கள், திரும்பி வரும். இந்தக் கீ எழுதும்போது மட்டும்தான் வேலை செய்யும் என்று நினைக்கிறார்கள், போல்டரை இழுத்தது, பேர் மாற்றியது எல்லாவற்றுக்கும் செய்யும். நேற்று நடந்தது என்றால் டிரைவைத் திறந்து தேடும் பெட்டியில் பேரை அடித்துத் தேட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லி வைக்கிறேன், இன்னும் சொல்வேன். பென் டிரைவில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. போனது போனதுதான்.

பண்டாரவளை, டீச்சர்: பைல் பேரைத் தமிழில் வைக்கலாமா? சக ஆசிரியர் ஒருவர் கூடாது என்கிறார்.

வைக்கலாம் டீச்சர், தாராளமாக. ஆனால் எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழாகவே நிற்கும் யுனிகோட் தமிழில். பாமினியில் டைப் பண்ணிப் பழகியவர்கள் அதே கையோடு பேரையும் அடிப்பார்கள், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக நிற்கும். ஏனென்றால் பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்ட எழுத்துரு, வேர்ட்டுக்குள் அந்தச் சட்டை இருக்கும், பைல் பேருக்கு இருக்காது. விரல் பாமினிக்குப் பழகிவிட்டது என்றால் இ-கலப்பை போன்ற ஒன்றைப் போட்டு அதே கீ அமைப்பில் யுனிகோட் அடிக்கலாம்.

மாத்தளை, பழைய ஆவணங்களை ஸ்கேன் பண்ணிச் சேர்ப்பவர்: மன்னிக்க வேண்டும், நான் அந்த சக ஆசிரியர் பக்கம். தமிழ்ப் பேர் வைத்து பட்டு நொந்தவன். சிப் பண்ணவே (பைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டவே) விடவில்லை. பேர் நீளம் என்று கொப்பி பண்ணவும் விடவில்லை.

நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. விண்டோஸ் 7இல் தமிழ்ப் பேர் பைலை சிப் பண்ண மாட்டேன் என்று அடம்பிடிக்கும், இப்போது அந்தத் தொல்லை இல்லை. நீளம்தான் இன்னும் இருக்கிறது. டிரைவிலிருந்து பைல் பேர் வரை முழுப் பாதையும் 260 குறிக்குள் இருக்க வேண்டும் என்பது விண்டோஸின் பழைய வழக்கம். "தோட்டம்" என்பது நமக்கு 4 எழுத்து, கொம்பியூட்டருக்கு 7, ஏனென்றால் ஓகாரக் குறியும் புள்ளிகளும் தனித்தனி. ஆக எட்டு அடுக்கு போல்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் நீளத்தில் தமிழ்ப் பேர் என்றால் முட்டும். அது தமிழின் குற்றமா, எட்டு அடுக்கின் குற்றமா?

பண்டாரவளை டீச்சர் திரும்பவும்: அதைத்தான் நானும் கேட்கிறேன். பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள், "ஜி8 ஹிஸ் யுனிட் 3" என்று வைத்தால் யாருக்குப் புரியும்?

மாத்தளை: டீச்சர், என்னிடம் இருப்பது குடும்பக் காகிதங்கள். பிறப்புப் பதிவு, பிரஜாவுரிமை விண்ணப்பம், 1964 சிறிமா - சாஸ்திரி (இலங்கை - இந்தியக் குடியுரிமை) ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போட். எல்லாம் ஆங்கிலத்தில். காகிதத்தில் உள்ள பேரை அப்படியே வைப்பதுதானே முறை?

ஐயா, இங்கேதான் உங்கள் வாதம் வழுக்குகிறது. ஒரே முத்துசாமியை ஆங்கிலத்தில் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், ஒன்றில் எச் இருக்கும், ஒன்றில் இருக்காது, ஒன்றில் ஓ இரண்டு. அடையாள அட்டை எடுக்க வருகிறவர்களுக்கு இதனாலேயே சத்தியக் கடதாசி டைப் பண்ணிக் கொடுத்துக் கை ஓய்ந்தவன் நான். தோட்டத்துக்கும் அப்படித்தான், காகிதத்தில் ஆங்கிலப் பேர், சனங்கள் வாயில் வேறு பேர். எந்தப் பேரை வைத்துத் தேடுவீர்கள்?

டீச்சருக்கும் ஒரு எச்சரிக்கை. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், விண்டோஸுக்கு இரண்டும் வேறு வேறு. ஒரே இடத்தில் "தோட்டம்" என்று இரண்டு போல்டர் நிற்கும், ஒன்றில் பாதி பைல், மற்றதில் மீதி. கடையில் ஒரு தடவை இதோடு ஒரு மத்தியானம் மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்படி இரட்டையாகத் தெரிந்தால் ஒன்றிலுள்ளதை மற்றதற்குள் எடுத்துப் போட்டுவிட்டு வெறுமையானதை அழியுங்கள்.

கண்டி, டைப்பிங் வேலை செய்பவர்: பாமினியைக் குப்பை என்று சொல்லாதீர்கள். அதில்தான் இத்தனை வருடம் சோறு தின்றோம்.

நானும் அதில்தான் தின்றேன் அண்ணே. பேரைத்தான் குப்பை என்றேன், பாமினியை அல்ல.

சரி, என் தீர்ப்பு: முன்னால் இலக்கம், பின்னால் தமிழ். மாத்தளை ஐயா குடும்பத்துக்கு ஒரு இலக்கம் கொடுக்கட்டும், 0147 முத்துசாமி, மேற்பிரிவு. எத்தனை எழுத்துப்பிழையில் பேர் இருந்தாலும் எல்லாக் காகிதமும் 0147க்குள். எந்த இலக்கம் யாருக்கு, எந்தெந்த எழுத்தில் பேர் இருக்கிறது என்பதை ஒரு எக்செல் பைலில் எழுதி வையுங்கள், தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியிலும் எழுதி வையுங்கள். இதில் இன்னொரு லாபம், கீபோர்ட் தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் 0147 என்று அடித்தால் நேரே அந்த போல்டரில் போய் நிற்கும். வெறும் தமிழ்ப் பேர் என்றால் முதலில் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் தட்டி கீபோர்டை மாற்ற வேண்டும். டீச்சரும் வகுப்பை முன்னால் போடலாம்: 08 வரலாறு. மூன்றாம் அலகு, நான்காம் அலகு எல்லாம் அதற்குள்.

மாத்தளை: இலக்கம் சரி. ஆனால் பின்னால் ஆங்கிலம்தான் போடுவேன்.

போடுங்க ஐயா. உங்கள் போல்டர்.

வட்டவளை: என் போல்டர் காணாமல் போய்விட்டது, வைரஸா?

மேலே மஸ்கெலியா அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நோர்வூட்: பென் டிரைவில் எல்லா போல்டரும் ஷோர்ட்கட் ஆகிவிட்டது.

இது வைரஸ். அந்த ஷோர்ட்கட்டைத் திறக்காதீர்கள், திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதை நீங்களே ஓட விடுகிறீர்கள். உங்கள் போல்டர் அழியவில்லை, மறைத்து வைத்திருக்கிறது. வியூ மெனுவில் மறைந்த பைல்களைக் காட்டச் சொல்லுங்கள், அதோடு போல்டர் ஒப்ஷன்ஸில் சிஸ்டம் பைல்களை மறைக்கும் டிக்கையும் எடுங்கள், மங்கலாகத் தெரியும். பைல் பேரின் வாலை (புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை) காட்டும் டிக்கையும் போட்டு வையுங்கள், போல்டர் படம் போட்டுக்கொண்டு வால் மட்டும் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது போல்டரே இல்லை. விண்டோஸ் செக்கியூரிட்டியால் ஸ்கேன் பண்ணிய பிறகு உங்கள் பைல்களை வெளியே கொப்பி பண்ணிவிட்டு பென் டிரைவைப் போர்மட் பண்ணுங்கள். பென் டிரைவுக்குள் வைத்தே வேலை செய்யாதீர்கள், கொப்பி பண்ணிச் செய்யுங்கள், கழற்றுமுன் இஜெக்ட் பண்ணுங்கள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இருக்கிறோம்.

பதுளை: டெஸ்க்டொப்பில் இருந்ததெல்லாம் போய்விட்டது. வைரஸா?

எல்லாமே வைரஸ் ஆகாது தம்பி. வன்டிரைவ் (மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பிடம்) பக்கத்தைப் பார். புது லெப்டொப்பில் கேட்கும் கேள்விக்கெல்லாம் ஓகே தட்டினால் டெஸ்க்டொப்பையே அதற்குள் எடுத்துப் போட்டுவிடும். இலவசமாகத் தருவது 5 ஜிபி, நிறைந்ததும் கத்தத் தொடங்கும். செட்டிங்கில் பெக்கப்பை நிறுத்து, பைல்கள் வன்டிரைவ் போல்டருக்குள் இருக்கும், வெளியே எடு.

ஹப்புத்தளை: வட்ஸ்அப்பில் வந்த பைல் போனில் எங்கே?

ஆண்ட்ராய்ட் என்றால் ஆண்ட்ராய்ட் போல்டர், அதற்குள் மீடியா, அதற்குள் வட்ஸ்அப். ஐபோன் என்னிடம் இல்லை.

கம்பளை: மெக்கில் போல்டரைத் தெரிவு செய்து என்டர் தட்டினால் திறக்காமல் பேர் மாற்றக் கேட்கிறது.

அங்கே அப்படித்தான். திறக்க கொமாண்டும் கீழ் அம்பும்.

கொட்டகலை: பென் டிரைவில் அழித்த பைலை ரீசைக்கிள் பின்னில் தேடினேன், இல்லை.

.....

மேலே சொன்னேன். அந்த பென் டிரைவில் இனி எதையும் எழுதாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வாங்க, மீட்கும் மென்பொருள் ஓட்டிப் பார்ப்போம். மேலே ஒன்றும் எழுதாமல் இருந்தால்தான் கிடைக்கக் கொஞ்சம் வாய்ப்பு.

மாத்தளை: 0001லிருந்து தொடங்கட்டுமா, 1லிருந்தா?

0001 ஐயா. ஸ்கேன் பண்ணினதை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டில், ஒன்று வேறு வீட்டில்.