தேன் விற்கிறவர் கேப்ஷன் எழுத ஆள் வைக்கும்போது

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். இன்ஸ்டாகிராமிலும் தேன் விற்கிறோம். படம் நானே எடுத்துவிடுவேன், கீழே எழுதத்தான் வரவில்லை. நாகர்கோவிலில் ஒரு பெண் ஃப்ரீலான்ஸாக மாதம் பன்னிரண்டு கேப்ஷன் எழுதித் தருகிறேன் என்கிறார். எப்படிப் பேசி முடிப்பது?

பதில்: எடுத்த எடுப்பில் மாதக் கணக்குப் பேச வேண்டாம். மூன்று கேப்ஷன் மட்டும் எழுதச் சொல்லி, அதற்குரிய காசைக் கொடுத்துவிடுங்கள். சாம்பிள் என்று சொல்லி இலவசமாக வாங்காதீர்கள், அதுவும் அவருடைய உழைப்புதான். மூன்றில் ஒன்று, “தேன் உறைந்துவிட்டதே, சீனி கலந்திருக்கிறீர்களா?” என்று கேட்பவருக்கான பதிலாக இருக்கட்டும். நல்ல தேனும் உறையும், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் அதை உங்களிடம் கேட்டு எழுதுகிறாரா, இணையத்தில் பார்த்து எழுதுகிறாரா என்று கவனியுங்கள். கேள்வி கேட்கிறவரை விடாதீர்கள்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தேன் வியாபாரிக்கு “ரப்பர் பூக்களின் தேன்” என்று எழுதிக் கொடுத்தேன். படிக்க நன்றாக இருந்தது, விஷயம் தப்பு. ரப்பர் தேன் பெரும்பாலும் பூவில் இருந்து வருவதில்லை. மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் சேரும் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீ அதைத்தான் எடுக்கிறது. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஒருவர் போன் பண்ணி, “நீங்க தோட்டத்தைப் பார்த்ததே இல்லையா?” என்று கேட்டார். அன்றிலிருந்து இடத்தைப் பார்க்காமல் நான் எழுதுவதில்லை.

அதனால் அவரை ஒரு நாள் காலையில் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். புகை காட்டிப் பெட்டியைத் திறந்து, சட்டத்தைத் தூக்கி, மெழுகு மூடிய அறை எது, மூடாதது எது, ஏன் மூடாததை எடுக்கக் கூடாது என்று காட்டுங்கள். அங்கேயே ஒரு விரல் தேன் நக்கிப் பார்க்கட்டும். அப்புறம் ஒவ்வொரு படத்துடனும் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்கள்: எங்கே எடுத்தது, அன்று என்ன நடந்தது. வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். மரச்சீனியை மரச்சீனி என்றே சொல்லுங்கள், அவரும் அதை மரவள்ளி என்று மாற்ற வேண்டாம். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர் அந்த ஒரு சொல்லுக்கே நின்று படிப்பார்.

நீளத்தைப் பற்றி: இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் தட்டாமல் கண்ணில் படுவது சுமார் 125 எழுத்துதான். தமிழில் அது இன்னும் சுருங்கும். ‘தேன்’ நமக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு, கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. ஆகவே முதல் பத்துச் சொல்லுக்குள் விஷயம் வந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். “சர்க்கரை நோயைக் குணமாக்கும்”, “ஆஸ்துமா போகும்” போன்ற வரிகள் வரவே கூடாது. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறைகள் தடை செய்கின்றன. எழுதியது அவராக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டியது விற்கிற நீங்கள்தான். நம்பி வாங்கி, மாத்திரையை நிறுத்திவிடுகிற ஒரு பாட்டியையும் நினைத்துப் பாருங்கள்.

பணம், பாதி முன்பணம், மீதி மாதக் கடைசியில். திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் தனிக்காசு. பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம். எழுத்தை வாங்கி நீங்களே பதிவிடுங்கள்.

லேபிளிலோ நோட்டீஸிலோ அந்த வரிகளை அச்சடிக்க நினைத்தால், உரிமையையும் எழுதி வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஃப்ரீலான்ஸாக எழுதுகிறவர்தான் பொதுவாக முதல் உரிமையாளர். காசு கொடுத்ததாலேயே அது உங்கள் கைக்கு மாறாது. உரிமையை உங்களுக்குத் தருவதாக எழுதி அவர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ரப்பர் தளிர் விடுவதற்குள் இதையெல்லாம் பேசி முடித்துவிடுங்கள். தேன் எடுப்பு தொடங்கிவிட்டால், அந்த ஒரு நிமிஷம் பேசி அனுப்பக்கூட உங்களுக்கு நேரம் இருக்காது.