பிசிறைக் காணும் கண்

அன்புள்ள அண்ணா,

கட்டுநாயக்காவில் தரப் பரிசோதகராக இருந்த காலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். திருகோணமலையில், படகு இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் கடையும் பட்டறையில் வேலை செய்கிறேன். லேத்தில் கடைந்த பித்தளைப் புஷ்களை, அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் குழாய் வடிவ உறைகளை, பார்த்துப் பிரிக்கும் ஆறு பேருக்குப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. கீறலும் ஊசித்துளையும் தப்பிப் போகின்றன. "கவனமாகப் பார்" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலாளி சம்பளத்தில் பிடிக்கிறார். இந்தக் கண் பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பழக்கத்தில் வருவதுதான். ஆனால் "கவனமாகப் பார்" என்று சொல்லிச் சொல்லி வரவழைக்க முடியாது. முதலில் அந்தச் சம்பளப் பிடிப்பை நிறுத்தும்படி முதலாளியிடம் பேசுங்கள். பயந்த பிள்ளை சந்தேகம் வரும் நல்ல புஷ்ஷையும் கழித்துப் போடுவாள். நட்டம் அவருக்குத்தான்.

எனக்கும் முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மேற்பார்வையாளர் திட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசை அக்கா ஒருநாள் என் கையிலிருந்த துண்டை வாங்கி, விளக்குக்கு நேராகப் பிடிக்காமல் சரித்து, மெல்ல உருட்டினார். பளபளவென்று ஓடிவந்த ஒளிக்கோடு ஓரிடத்தில் மயிரிழை அளவு அறுந்தது. "கீறலைத் தேடாதே தம்பி, வெளிச்சம் அறும் இடத்தைத் தேடு" என்றார். அன்று மாலைக்குள் நான் பார்க்கப் பழகிவிட்டேன்.

அக்கா எனக்குச் சொன்னது, எங்கே, எதைப் பார்ப்பது என்பதை. அதன் பலனை ஓர் ஆய்வும் காட்டியது. முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே கோழிக்குஞ்சைச் சேவலா பேடா என்று பிரிப்பது பல ஆண்டு அனுபவம் கேட்கும் வேலை. 1987இல் பீடர்மன், ஷிஃப்ரார் என்ற இரு ஆய்வாளர்கள், பழக்கமே இல்லாதவர்களிடம் குஞ்சுகளின் படங்களைக் கொடுத்தார்கள். 60.5 வீதம் சரியாகச் சொன்னார்கள். எந்த இடத்தில் எந்த வடிவத்தைப் பார்ப்பது என்று ஒரு சிறு குறிப்பைக் கொடுத்த பிறகு அது 84 வீதமானது. உங்கள் புஷ்ஷுக்கும் அப்படி ஒரு குறிப்பு எழுதுங்கள்: உள்வாயின் விளிம்பில் பிசிறு (கடைந்தபின் நீட்டி நிற்கும் உலோகத் துணுக்கு), வெளிப்பரப்பில் கீறல், முகப்பில் ஊசித்துளை. பிசிறைக் கண்ணை விட நகம் நன்றாகக் காணும். விளிம்பில் ஓடவிட்டால் தட்டும்.

மாதிரிப் பலகை ஒன்றும் வேண்டும். நல்லதையும் கெட்டதையும் மட்டும் அதில் மாட்டினால் போதாது. "இவ்வளவு கீறல் வரை போகலாம், இதற்கு மேல் போகாது" என்ற எல்லைத் துண்டுகள்தான் முக்கியம். ஆறு பேரும் சண்டை பிடிப்பது அந்த இடத்தில்தான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. குறை அரிதாக வந்தால் கண் அதை எதிர்பார்ப்பதையே விட்டுவிடும். ஜெரமி வொல்ஃப் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 வீதம் தவறியது; நூற்றுக்கு ஒன்றில் மட்டும் இருந்தபோது ஏறத்தாழ 30 வீதம் தவறியது. உங்கள் பிள்ளைகளிடம் இருப்பது கவனக்குறைவு அல்ல, மனிதக் கண்ணின் சுபாவம். ஆகவே குறையுள்ள புஷ்களில் உங்களுக்கு மட்டும் தெரியும் குறியிட்டுக் கூடையில் கலந்துவிடுங்கள். எடுத்தாலும் தவறவிட்டாலும் உடனே சொல்லிவிடுங்கள். மாதக் கடைசியில் சொல்வதில் பயனில்லை. மாலையில் எண்ணி எல்லாவற்றையும் மீட்டுவிட வேண்டும், ஒன்றுகூடப் படகுக்குப் போகக் கூடாது.

நேரத்தையும் பாருங்கள். ராடார் திரையைக் கண்காணிப்பவர்களுக்காக நோர்மன் மக்வேர்த் செய்து 1948இல் வெளியிட்ட ஆய்வில், அரை மணி நேரத்துக்குள்ளேயே காணும் திறன் சரியத் தொடங்கியது. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றி, எண்ணும் வேலையோ பொதி கட்டும் வேலையோ கொடுங்கள்.

வெயிலை நம்பி ஜன்னலோரம் மேசை போடாதீர்கள். நம் ஊரில் காலை வெளிச்சம் ஒன்று, மாலை வெளிச்சம் ஒன்று. வாடைக் காலத்தில் மேகம் மூடினால் இன்னொன்று. சரித்துத் திருப்பக்கூடிய ஒரு மேசை விளக்கை ஆளுக்கொன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். முதலாளி செலவைப் பற்றிப் பேசினால், திரும்பி வந்த புஷ்களை அவர் மேசையில் கொட்டி, அந்த விளக்கை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.